நாற்பது

பஹாவ். சம்பளத்துக்கு முந்தின ராத்திரி
மெயின்பிரேம் மறுபடி விழுந்தது.
நினைவிலிருந்ததை அப்படியே கொட்டியிருந்தது,
நானூறு பக்கம்.
நாசிலெமாக் மடிக்கலாம் என்றாள் ஜைத்தோன்.

புரோகிராமுக்குள்ளேயே எழுதி வைத்தேன்:
விழாதே, நில்.
உன்னிடம் இருப்பதைப் பெரட்டுக்கு நிறுத்து
வரிக்குப் பதினாறாக.
இடப்பக்கம் முகவரி, வலப்பக்கம் எழுத்து.
வாசிக்க வராததற்குப் புள்ளி.
அப்புறம் உன் வேலையைப் பார்.

மூன்றேகாலுக்குத் தாள் வந்தது.
எண் 2117, சிவபாக்கியம் ஏ/பி
அவ்வளவுதான்.
பெயருக்குப் பதினைந்து இடம்,
அப்பா நுழையவில்லை.
கூலி இருக்கவேண்டிய இடத்தில்
40 40 40 40

நாற்பது வெள்ளி அல்ல.
இந்த இயந்திரத்துக்கு நாற்பது என்றால்
வெற்றிடம்.
செக்ரோலில் கிராணி
எதையும் அடிக்காமல் தாண்டிப் போயிருக்கிறார்.
இல்லாததைக் கூட்டச் சொன்னால்
அது என்ன செய்யும், விழாமல்?

பூஜ்யம் போட்டு ஓட்டிவிடு என்றார்
போனில், தூக்கத்தில், மேனேஜர்.
போட்டால் ஓடும்.
சத்தமே வராது.

ஒட்டுக்கடை திறக்கும்வரை காத்திருந்து
தோட்டத்துக்குப் போன் அடித்தேன்.
இருபத்துநாலு நாள், என்றார் கிராணி,
ஏடு புரளும் சத்தத்துக்கு நடுவே,
ஆமாம்மா, சீவியிருக்கு.
மழை நாள் போக.