அண்டி ஆபீஸ் விடும் நேரம்

அருமனைக்கு மேலே, றப்பர் விளைகளுக்கு நடுவே
எங்கள் சபை: முப்பத்தொரு குடும்பம், ஒரு கீபோர்டு,
மழை விழுந்தால் பிரசங்கம் கேட்காத தகரக் கூரை.

குவைத்திலிருந்து வந்த எல்பின்ராஜ்
வியாழக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து சொன்னார்:
வழி தவறிவிட்டோம். ஆதிச் சபைக்குத் திரும்ப வேண்டும்.
அங்கே மேடை இல்லை, கீபோர்டு இல்லை,
கமிட்டித் தேர்தல் இல்லை,
தேர்தலுக்கு முந்தின இரவு
வீடு வீடாய்ப் போகிற கோழிக்கறி இல்லை.

எல்லாரும் ஆமென் சொன்னோம்.
கோழிக்கறி தின்றவர்கள் சற்றுப் பலமாக.

பிறகு ஒவ்வொன்றாய் எடுத்தோம்.
நாற்காலியா, பாயா?
பாய். மூட்டு வலிக்காரர்களுக்கு மட்டும் விலக்கு.
சின்னச் சின்னக் குப்பிகளா, ஒரே பாத்திரமா?
ஒரே பாத்திரம்.
பெண்கள் சபையில் பேசலாமா?
கூடாது என்று தீர்மானமாயிற்று.
அதையும் நானேதான் எழுதினேன்.
செயலாளர் நான்; சபையில் என் கையெழுத்துதான் அழகு.

"நிலத்தை விற்றுப் பணத்தைக் கொண்டுவந்து
பொதுவாய் வைத்தார்களே, அது?"
கேட்டது வேதமுத்தின் மகன், பிளஸ் டூ படிக்கிறவன்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
எல்பின்ராஜுக்குக் குலசேகரத்தில் இரண்டு ஏக்கர் றப்பர்.
எனக்குக் களியலில் பதினேழு சென்ட்.
விற்றதில் பாதியை ஒளித்துவிட்டு
நின்ற இடத்திலேயே விழுந்து செத்த
அந்தப் புருஷனும் பெண்டாட்டியும்
எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.
'அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது'
என்று எழுதினேன்.

அன்பின் விருந்தில் மட்டும் ஒருவருக்கும் தடையில்லை.
சனிக்கிழமை, மாலை ஆறு மணி.
சருவம் நிறைய மரச்சீனி, மண்சட்டியில்
மாங்காய் போட்ட சாளைக் குழம்பு.
பாயில் வட்டமாய் உட்கார்ந்தோம். பாத்திரம் கைமாறி வந்தது.
எட்டாவது ஆளுக்கு இருமல்.
ஒன்பதாவது ஆள் பாத்திரத்தைப் பையத் திருப்பி
வேறு விளிம்பில் குடித்தார்.
ஒன்பதாவது ஆள் எல்பின்ராஜ்.
பத்தாவது நான். நானும் திருப்பினேன்.

பசி. சாளையும் நன்றாக வாய்த்திருந்தது.

ஏழரைக்கு, அண்டி ஆபீஸ் விட்டு, இரண்டு பஸ் மாறி
றோஸ்லெட், தங்கபாய், இன்னும் ஐந்து பேர் வந்தார்கள்.
விரல் நுனியெல்லாம் அண்டிக்கறை.
சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள்.
முள்ளும், ஒரு மாங்காய்த் துண்டும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது:
எதைத் திரும்பக் கொண்டுவர நினைத்தோமோ
அது வந்துவிட்டது, கொஞ்சமும் பிசகாமல்.
அங்கேயும் நேரம் உள்ளவர்கள் முந்தித் தின்றார்கள்.
வேலை முடிந்து வந்தவர்கள் காலிச் சட்டியைக் கண்டார்கள்.
அதற்காகத்தான் தூரத்திலிருந்து ஒருவர்
கோபமாய்க் கடிதம் எழுதினார்.
அந்தக் கோபத்தில் நாலு வரியை மட்டும் எடுத்து
மாதம் ஒருமுறை தாழ்ந்த குரலில் வாசித்து
அப்பம் பிட்கிறோம்.

றோஸ்லெட் முக்காடு போடவில்லை. கையும் கழுவவில்லை.
நடுவில் நின்று சொன்னாள்:
"ஆறு மணிக்கு எங்களுக்கு வர ஒக்காது.
நாங்க வந்த பிறவு சட்டிய எறக்குங்க."

சபையில் ஒரு பெண் பேசிவிட்டாள்.
எல்லாரும் எல்பின்ராஜைப் பார்த்தார்கள்.
அவர் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'பேசியவர்' என்ற இடத்தில் அவள் பெயரை எழுதினேன்.
பேனா அந்த றகரத்தில் கொஞ்சம் அழுத்திவிட்டது.

இன்று அடுத்த சனிக்கிழமை.
கீபோர்டு மூலையில் துணி போர்த்திக் கிடக்கிறது,
அதைப் பற்றி முடிவில்லை. நிலத்தைப் பற்றியும்.
கூரையில் மழை; ஆகவே பிரசங்கமும் இல்லை.
எல்பின்ராஜ் ஒருமுறை மூடியைத் தூக்கினார்,
ஆவியில் கண்ணாடி மங்க, திரும்ப மூடினார்.
மணி எட்டாகப் போகிறது. பஸ்ஸைக் காணோம்.
வேதமுத்தின் மகன் ஒரு துண்டு மரச்சீனியைக்
களவாடிக்கொண்டு போகிறான்.
பார்த்தும் பார்க்காதது போல இருக்கிறோம்.