வாங்காத வருஷம்

தை நோம்பி முடிந்த மறுநாள்
தீர்மானம் போட்டேன்.
அரிசி, பருப்பு, எண்ணெய், மாத்திரை.
மற்றது எதுவும் இந்த வருஷம்
இந்த வாசல்படி ஏறாது.
தெய்வசிகாமணி சிரித்தார்:
"வாசல்படியே வூட்டுக்காரருதுதான்."

கணக்கெழுத ஒரு நோட்டு.
அதுவும் வாங்கவில்லை,
மகன் ஆறாம் வகுப்பில் மிச்சம் வைத்தது.
பின்பக்கத்திலிருந்து தொடங்கினேன்.

முதல் ஞாயிறு அட்டாரியைக் கலைத்தேன்.
மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி,
அதற்குள் மிக்ஸியின் உருவத்தில் குழிந்த தெர்மாகோல்.
மிக்ஸி செத்து நாலு வருஷம்.
கண்ணாலத்துக்கு வந்த போசிகள் பதினேழு,
ஒன்றுக்குள் ஒன்று,
உள்ளே இன்னும் அந்த வருஷத்துப் பேப்பர்.
எடைக்குப் போடலாமென்றால்
ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு பேர் வெட்டியிருக்கிறது.
முத்தூர் சென்னியப்பன் - தாயம்மாள் அன்பளிப்பு.
பேரை எப்படி எடைக்குப் போடுவது?
திரும்ப அடுக்கினேன்.
தெர்மாகோலைக் குப்பை வண்டிக்காரம்மாகூட
வேண்டாமென்றுவிட்டாள்.

வாங்காமல் இருப்பது லேசு என்றுதான் நினைத்திருந்தேன்.
மாசியில் செருப்பு வார் அறுந்தது. தைத்தேன்.
பங்குனியில் மறுபடி.
"இனி நூலுதான் நடக்கோணும் அம்மிணி,
செருப்பு நடக்காது" என்றார் தைக்கிறவர்.
பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சுடிதார் கடைப் பொம்மை
என் அளவுதான்.
பார்க்காமல் போகப் பழகினேன்.
போனில், கூடையில் ஆறு சாமான் போட்டு
ராத்திரி முழுக்க வைத்திருந்து
விடிவதற்குள் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.
யாருக்கும் தெரியாத குடித்தனம் அது.

நோட்டில் தேதி,
தேதிக்கு நேராக ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.
சுக்குக் காப்பி பத்து ரூபாய்.
ஒன்றுமில்லை.
சித்திரைக்குள் சிலுவாடு நாலாயிரத்து இருநூறு.
காங்கயம் ரோட்டில் கம்பெனி வேனுக்கு
கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன்.

வைகாசியில் ஒரு வியாழக்கிழமை
மேனேஜர் செக்கிங் மேசைப் பக்கம் வந்து
எதையோ தொலைத்தவர் மாதிரி நின்றார்.
நாற்பதாயிரம் பீஸ் கேன்சல்.
"அந்த ஊர்ல சனம் துணி எடுக்கறதக் கொறைச்சுட்டாங்களாமா.
இருக்கறதே போதும்னு இருக்காங்களாம்."

யாரோ நல்லவர்கள்.
யாரோ ஒருத்தி, குளிர்கிற ஊரில்,
பின்பக்கத்திலிருந்து
ஒரு நோட்டைத் தொடங்கியிருக்கிறாள்.
அவளைத் திட்ட வாய் திறந்தது,
வார்த்தை வரவில்லை.
என் கையில் அவள் போடாத பனியன்.
பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன்.
வெட்டி முடித்தேன்.

சனிக்கிழமை ஓ.டி. இல்லை.
அடுத்த வாரம் வெள்ளிக்கிழமையே இல்லை.
காதர்பேட்டையில் அதையெல்லாம் குவித்து
மூணு நூறு ரூபாய், மூணு நூறு ரூபாய் என்று கூவினார்கள்.
கைவிட்டு ஒன்றை எடுத்தேன்.
ஸ்டிக்கரில் பதினொன்று, என் மேசை நம்பர்.
மடித்து வைத்துவிட்டு வந்தேன்.
குவியல் என்று தெரிந்தும்
கை மடிக்கத்தான் செய்தது.

மினதி ஒடிசாவுக்குக் கிளம்பினாள்.
ஆறு வருஷம் இங்கே இருந்தவள்
ஒரே பைக்குள் முழுசாக அடங்கினாள்.
நான் ஆசைப்பட்டது அதுதான் என்று நினைக்கவே
கூச்சமாக இருந்தது.
ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் வந்து
ஒரு சிவப்பு பக்கெட்டை என் கையில் திணித்தாள்.
கைப்பிடி போன இடத்தில் எலாஸ்டிக் கட்டியிருந்தது,
எங்கள் கம்பெனி எலாஸ்டிக்.
"வெச்சுக்கோ அக்கா. வந்தா வாங்கிக்கறேன்."

எங்களிடம் ஏற்கனவே ரெண்டு உண்டு.
ராத்திரி நோட்டைத் திறந்து தேதி போட்டு
நேராக என்ன எழுதுவதென்று தெரியாமல்
பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
எட்டு நாளைக்கு ஒருக்கா வரும் தண்ணி
அப்போதுதான் வந்தது.
குழாயடியில் தெய்வசிகாமணி.
ஒன்று ரொம்பியது. ரெண்டு ரொம்பியது.
"அந்தச் செவப்பையும் கொண்டா" என்றார்.