ஏழாவது குமிழ்

பஞ்சிகாவத்தையில் இரண்டு கியர்பொக்ஸுக்கும்
ஜப்பான் வான் ஒன்றின் கழற்றிய கதவுக்கும் நடுவே
தலைகீழாகக் கிடந்தது.
தூக்கி நிமிர்த்தி வைத்தேன்.
பிறகுதான் விளங்கியது,
முதலில் கிடந்ததே நேர்.

கைபிடி அடியில்.
ஸ்பீக்கர் வானம் பார்த்தபடி,
அதன்மேல் பருப்புச்சட்டி மூடிபோல் ஓர் அலுமினியத் தொப்பி.
குமிழ்கள் ஏழும் முதுகில்.
சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ
சுவருக்கும் பெட்டிக்கும் இடையில்
கழுத்தை விடவேண்டும்.

"எந்த நாட்டு அம்ப் நானா?"
நிஸ்தார் நானா கண்ணாடியைச் சாரத்தில் துடைத்தார்.
"நாடு ஒண்டு இருந்திச்சு தங்கச்சி.
இப்ப இல்லையாம்."
பதினோராயிரம் சொல்லி ஏழாயிரத்துக்கு இறங்கி
சைக்கிள் டியூபால் கட்டித் தந்தார்.

த்ரீவீலில் சீற் முழுக்க அது,
ஓரத்தில் நான்.
காலி வீதியின் ஒவ்வொரு பிரேக்குக்கும்
உள்ளே ஏதோ ஸ்பிரிங் முனகியது.
மூன்றுதரம் திரும்பிப் பார்த்த சாரதி
நாலாம் தரம் கேட்டேவிட்டான்:
"உள்ளுக்கு என்ன அக்கா, ஆடா?"

வெள்ளவத்தை. மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை.
கவிழ்த்தால்தான் கைபிடி கிடைக்கும்,
கவிழ்த்தால் தொப்பி முழங்காலில் இடிக்கும்.
இதை வரைந்த எஞ்சினியர்
வாழ்நாளில் ஒரு படியும் ஏறியிருக்கமாட்டான்,
இல்லாவிட்டால்
கிற்றார் வாசித்த எவனோ ஒருவனை
அவனுக்குப் பிடிக்கவில்லை.

வால்வு சூடேறும்வரை பிளேன்ரீ குடித்தேன்.
பிறகு தடித்த தந்தியை மட்டும் ஒருதரம்.
ஒலி தொப்பியில் பட்டுத் தெறித்து
சீலிங்கில் ஏறி
குசினிக்குள்ளிருந்து திரும்பி வந்தது,
அங்கே வேறு யாரோ வாசிப்பதைப்போல.
கீழ்வீட்டு ஃபிளோரின் அன்ரி
அடுத்தநாள் காலை
நாலாம் மாடிக்காரரோடு சண்டைக்குப் போனா.
நான் கதவைத் திறக்கவில்லை.

ஆறு குமிழ்களின் குணம் ஒரு மாதத்தில் பிடிபட்டது.
ஒன்று கரகரக்கும்.
ஒன்று எல்லாவற்றையும் கிணற்றுக்குள் இறக்கும்.
ஒன்றை முழுக்கத் திருப்பினால்
என் பாட்டுக்கு நடுவே
எவரோ சிங்களத்தில் வாகன விளம்பரம் வாசிப்பார்.
ஏழாவது
ஒன்றும் செய்யவில்லை.

எனக்குத்தான்.
எங்கள் ட்ரம்மர் கிளீட்டஸுக்குச் செய்தது.
கலியாண ஹோலில் கேக் வெட்டுமுன்னர்
தடிகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு
பின்னால் குனிவார்.
மூன்றிலிருந்து நாலுக்கு, மிக மெதுவாக.
கண்ணை மூடுவார்.
"ஆ. இப்ப சரி."
சரியாகத்தான் இருந்தது.
மாப்பிள்ளையின் பெரியப்பாகூட
கோட்டைக் கழற்றிவிட்டு ஆட வந்தார்.

கடல் உப்பு தின்று பெட்டி இருமத் தொடங்கியபோது
மருதானைக்குக் கொண்டுபோனேன்.
சந்தமாலி தகட்டைக் கழற்றி
டோர்ச்சைப் பல்லில் கவ்வி
நெடுநேரம் பார்த்தாள்.
ஏழாவதின் கால்கள் மூன்றும் வெறுமை.
வயர் இல்லை.
அறுந்த வயருமில்லை,
ஈயம் பட்ட கறைகூட இல்லை.
"ஓட்டை கூடப் போட்டுட்டாங்க மிஸ்.
மூடணுமே, அதுக்கு ஒரு குமிழ்."
பாதித் தமிழிலும் மீதிச் சிரிப்பிலும் சொன்னாள்.
"கழட்டவா?"

கழற்றவில்லை. கிளீட்டஸிடம் சொல்லவுமில்லை.
அவர் தன் ட்ரம்மை இப்படி ஒருநாளும் திருத்தியதில்லை,
அதையாவது சொல்லலாமா என்று
பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன்.

போன சனி, கல்கிசையில்,
ஜன்னலெல்லாம் திறந்த ஹோல்.
அவர் குனிந்தார், காது கொடுத்தார்,
"கடல் கிட்டத்தானே, இண்டைக்கு மூண்டரை போதும்" என்றார்.
தலையாட்டினேன்.

இரண்டாம் பாட்டின் நடுவில்
ஏதோ ஒன்று மெலிந்து போயிருந்தது.
தந்தியை விட்ட கை
சுவருக்கும் பெட்டிக்கும் இடையில்
தானாகவே நுழைந்தது.

மூன்றரை போதவில்லை.