மின்வெட்டை நிகழ்ச்சியாகக் கொள்ள இயலாது

பதினைந்து கையெழுத்து வேண்டும்
கழகம் இன்னும் ஓராண்டு உயிரோடிருக்க.
பதினான்கு இருந்தன.
நான்கு என் விடுதித் தோழிகள்.
மூன்று நாடக மன்றத்தார்:
போன ஜூலையில் அவர்கள் படிவத்தில்
நாங்கள் நடிகர்களாய்க் கையொப்பமிட்ட கடன்.
காலாப்பட்டு வளாகத்தில்
முப்பத்தொரு மாணவர் அமைப்புகள்;
எண்ணிப் பார்த்தால்
திரும்பத் திரும்ப அதே எழுபது பேர்.

செயலாளர் நான், மங்கையர்க்கரசி,
புள்ளியியல், இரண்டாம் ஆண்டு.
பொருளாளர் யானாம் சத்தியவதி.
கணக்கைத் தெலுங்கில் எழுதுகிறாள்,
எனக்குப் படிக்கத் தெரியாது,
ஆகவே நம்புகிறேன்.
இருப்பு: நானூற்று அறுபது ரூபாய்.
சொத்து: தொலைநோக்கி ஒன்று.
உப்புக்காற்று புகுந்து அதன் கண்ணாடிக்குள்
பூஞ்சை படர்ந்திருக்கிறது கிளை கிளையாய்.
கண்வைத்துப் பார்த்த முதலாமாண்டுப் பையன்
"அக்கா, இதுதானா பால்வெளி?" என்றான்.
ஆமாம் என்றேன்.
உறுப்பினர் தேவைப்பட்டது.

வெள்ளிதோறும் கூட்டம்,
கிழக்குக் கடற்கரைச் சாலையைக் குறுக்கே ஓடிக் கடந்தால் வரும்
டீக்கடை பெஞ்சில்.
குறிப்பேடு சொல்கிறது:
மேகமூட்டம். தேநீர் ஆறு.
மேகமூட்டம். தேநீர் ஐந்து. லூர்துநாதன் வரவில்லை.
மேகமூட்டம். லூர்துநாதன் பாக்கி முப்பது ரூபாய்.
வானம் தெளிந்த ஒரே வெள்ளி
மறுநாள் செமஸ்டர்.

கேள்வி ஆறு:
சென்ற ஆண்டு நடத்திய நிகழ்ச்சிகள்.

நவம்பரில் புயல் கரையேறிப் போன மூன்றாம் இரவு.
ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்தது,
ஒவ்வொன்றாய்ப் போன்கள் செத்தன.
வேலியோரம் முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்திருக்க
அவை நின்ற இடத்தில்
அதுவரை எங்களுக்குக் காட்டாத ஒரு துண்டு வானம்.
சுவரொட்டி இல்லை. சிறப்பு விருந்தினர் இல்லை.
புழுக்கம் தாங்காமல்தான் வந்தார்கள்,
பாயோடு, லுங்கியோடு, ஈரத்தலையோடு.
காவலர் ஜெயசுதா அக்காவே
பெண்கள் விடுதிக் கேட்டைத் திறந்து வைத்து
எங்களுக்கு முன்னால் நடந்தார்.

மாஹேக்காரி ஷஹலா
வெகுநேரம் பேசாமல் கிடந்துவிட்டுச் சொன்னாள்:
எங்க கடல்ல நட்சத்திரம் இறங்கும்.
இங்க ஏறுது.
யாரோ கார்த்திகையைக் காட்ட,
எத்தனை மீன் என்று தொடங்கியது சண்டை.
ஆறு. இல்லை, ஏழு.
கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாருடா, ஆறு.
வரிசை வரிசையாய் இருட்டு இரண்டு கட்சியானது.
பட்டிமன்றக் கழகம் ஆண்டு முழுக்க முயன்றும்
கூட்ட முடியாத கூட்டம்.

வருகைப் பதிவேடு என் மடியில் இருந்தது.
எழுத வெளிச்சமில்லை.
டார்ச் அடித்தேன்.
அணை, அணை என்று நூறு குரல்.
அணைத்தேன்.

அதனால் ஆறாம் கேள்விக்கு எழுதினேன்:
ஒரு மின்வெட்டு, நவம்பர்.

படிவம் திரும்பி வந்தது, பச்சை மையோடு.
மின்வெட்டை நிகழ்ச்சியாகக் கொள்ள இயலாது.
பங்கேற்றோர் பட்டியல் இணைக்கவும்.
கையெழுத்து ஒன்று குறைகிறது.
நீட்டிய எழுத்தர் காசிலிங்கம்
குரலைத் தாழ்த்தினார்:
கனகசெட்டிகுளத்துலயும் அன்னிக்குக் கரண்ட் இல்லம்மா,
மொட்டைமாடியிலதான் படுத்தோம்.
நான் போடலாம்னா போட்டுருவேன்,
ஊழியர் போடக் கூடாது.

சத்தியவதி திருத்தி எழுதினாள்:
விண்நோக்கு முகாம். செலவு இல்லை.
பட்டியலுக்கு
அன்றிரவு மெஸ் பதிவேட்டை நகலெடுத்தோம்.
எழுமிச்சை சாதம் வாங்கிய நூற்றெண்பத்து நான்கு பேர்.

மிச்சம் ஒரு கையெழுத்து.
பட்டிமன்றத் தலைவன் இனியவன்
பேனாவைத் திறந்தான், மூடினான்.
ஏழுன்னு எழுதிக் குடு, போடறேன்.

குறிப்பேட்டில் இருக்கிறது, என் கையெழுத்தில்:
கார்த்திகை, ஏழு.
தேநீர் பதினைந்து.

எனக்குத் தெரிந்தது ஆறுதான்.