குனிந்தால் மட்டும்

நின்றால் இல்லை. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு
சம்மாந்துறை போய் வந்தாலும் பெரிதாய் இல்லை.
நெற்றி பாயைத் தொட்டதும்தான்
மூச்சு ஏதோ ஒரு வாசலில் நின்றுவிடும்.

இதைத்தான் சொன்னேன். மேசைக்கு மேசை சொன்னேன்.
தொய்வு என்று பம்ப் தந்தார்கள்.
இரத்தம் குறைவு என்று குளிசை.
மூட்டு நொந்து காய்ச்சல் காய்ந்தபோது வாதம்.
சளியில் சிவப்புக் கோடு கண்டதும் காசமாம்;
மூன்று காலை, மூன்று குப்பி.
காசமும் இல்லை.
நிந்தவூரில் ஒருவர் என்னை விட்டுவிட்டு
றமீஸிடம் கேட்டார்:
"வீட்டில ஏதும் பிரச்சினையா?"
மாமி ஓதிய தண்ணீர் கொண்டுவந்தா.
குடித்தேன். அதில் ஏலக்காய் மணத்தது.

கிளினிக் கொப்பி இரண்டு முடிந்து மூன்றாவது.
பத்தாம் ஆண்டுக்கு நிகழ்தகவு படிப்பிக்கிறவள் நான்.
அடிக்கடி வருவதை முதலில் தேடுவதில்
பிழை சொல்ல ஏலாது.

கல்முனை ஆஸ்பத்திரி, இரவு இரண்டு மணி.
வெல்லவாயப் பொடியன், டொக்டர் இந்துனில்.
தமிழ் அவருக்கு நாலு சொல்:
நோவு, எங்க, எப்ப, காட்டுங்க.
"குனியக்குள்ள" என்றேன். விளங்கவில்லை.
"காட்டுங்க" என்றார்.

திரையை இழுத்தா தாதி.
வாட்டின் குளிர்ந்த தரையில், கிப்லா எந்தப் பக்கம் என்று தெரியாமல்
ஸுஜூது செய்து காட்டினேன்.
தாதியின் கை குழாயை என் இடப்பக்கம் வைக்க,
மறுமுனையைக் காதில் மாட்டிக்கொண்டு
அவரும் முழங்காலில் இருந்தார்.
மின்விசிறியை நிறுத்தச் சொன்னார்.
எனக்கு இருட்டிக்கொண்டு வந்தது.
அவர் எழும்பவில்லை.

பிறகு மேசையில் விரலால் தட்டிக் காட்டினார்:
லப், டப்,
அதன் பின்னால் ஒரு சின்னத் 'தொப்'.
கிணற்றில் வாளி விழுந்த மாதிரி.

மட்டக்களப்பில் எக்கோ.
இடது மேலறைச் சுவரில் காம்பு;
காம்பில் ஒரு சதை, பிஞ்சு நுங்கு அளவில்;
ஒவ்வொரு துடிப்புக்கும் கதவில் வந்து விழுந்து
திரும்பிப் போகிறது.
பெயர் மிக்சோமா.
எக்கோ எடுத்தவர் பக்கத்து அறையில் இருந்தவரையும் கூப்பிட்டார்.
"பத்தாயிரத்தில ரெண்டு பேருக்கு வருமோ தெரியாது, டீச்சர்."
றமீஸ் அழுதார். எனக்குச் சிரிப்பு வந்தது,
பைத்தியம் இல்லை என்பதற்குப்
படம் இருக்கிறது என்று.

கொழும்பில் வெட்டி எடுத்தார்கள்.
நெஞ்செலும்பில் கம்பி; மூன்று மாதம் கதிரையில் தொழுகை.
இந்துனில் மாறிப் போய்விட்டார், மொனராகலை என்கிறார்கள்.
வருடா வருடம் எக்கோ பார்க்க வேண்டும்;
காம்பு திரும்பவும் முளைக்கலாம்.

நேற்று வகுப்பில் பின் வாங்கு ஸஜாத் கேட்டான்:
"டீச்சர், பூச்சியம் புள்ளி பூச்சியம் பூச்சியம் பூச்சியம் ரெண்டு எண்டா
நடக்காது எண்டுதானே?"

சோக்கு கையிலிருந்து விழுந்தது.
விழவிட்டேன் என்றும் சொல்லலாம்.
குனிந்தேன். அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தேன்.
பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
எடுத்துக்கொண்டு எழும்பினேன்.