நூலுக்குக் குறுக்கால

கொழும்பிலிருந்து இரும்புச் சட்டங்கள் லொறியில் வந்திறங்கின.
கூடவே ஒரு கடிதம்:
அத்திவாரம் எமது பொறுப்பன்று.
கீழே எண்கள். ஒவ்வொரு தூணடிக்கும்
நிலைக்குத்தாக இவ்வளவு, கிடையாக இவ்வளவு.
கிடை என்ற நிரலில் ஐந்து தொன்.

மல்லாவியில் ஒரு நெல்லுக் களஞ்சியம்.
அறுபதடி அகலம், நடுவில் தூணே இல்லை.
ஆறு சட்டங்கள், மேலே தகரம்.

கல்வீடு கட்டினவர்களுக்குப் பாரம் என்றால்
கீழே போவது.
இரும்புச் சட்டம் அப்படியில்லை.
தலையில் ஏதும் விழுந்தால்
கால்களை வெளியே உதைக்கும்.
காற்று வந்தாலோ
எழும்பிப் போகப் பார்க்கும்.
தாங்குவதைவிடப் பிடித்து வைப்பதுதான்
இங்கே அத்திவாரத்துக்கு வேலை.

முதல் வரைபடத்தில்
போல்ற்றுகளைச் சுற்றிக் கொண்டையூசி போல் வளைத்த கம்பிகள்,
வால்கள் தரைக் கொங்கிறீற்றுக்குள்.
தரையே தூண்களைப் பிடித்திருக்கும்.
மலிவு.
கணக்குச் சரிவந்த இரவு நல்ல நித்திரை.

விடியக் கனகேந்திரம் வந்தார்.
"பிள்ளை, நடுவில ஒரு கிடங்கு வேணும்.
நெல்லை மேல ஏத்துற வாளிச் சங்கிலிக்கு.
அஞ்சடி ஆழம். தரை காய்ஞ்ச பிறகு
நான் வெட்டுவிக்கிறன்."
மூன்றாம் சட்டத்தின் நேரே
செருப்பால் ஒரு கோடு கீறிக் காட்டினார்.

வெட்டக்கூடாது என்றேன்.
"தரைதானே பிள்ளை?"

தேநீர்க் கடை மேசையில் கைக்கு அகப்பட்டது
அவர் கடனுக்கு வங்கி எழுதிய தடித்த தாள்.
நடுவால் மடித்துக் கூரையாய் நிறுத்தி
முகட்டை அமத்தச் சொன்னேன்.
கால்கள் இரண்டும் வழுக்கி விலக
கடிதம் தட்டையாய்ப் படுத்தது.
இரண்டு பக்கமும் கோப்பை வைத்து அமத்தினார்.
கோப்பைகள் நகர்ந்தன, தேநீர் சிந்தியது.
"கோப்பை பாரம் காணாது."
பாரமாயும் வைக்கலாம், ஆனால் காசு,
ஒவ்வொரு தூணடியிலும் ஒரு வண்டில் கொங்கிறீற்
என்று நான் சொல்லிக்கொண்டிருக்க
அவர் சட்டைப் பையிலிருந்து
மூடை தைக்கிற நூலை எடுத்தார்.
தாளின் இரு காலிலும் ஓட்டை போட்டுக்
குறுக்கே கட்டினார்.
அமத்தினார். நின்றது.
இன்னும் அமத்தினார்.
நூல் விண்ணென்று இழுபட்டது.
இடக்காலின் உதைப்பை வலக்கால் வாங்க,
வலக்காலினதை இடக்கால் வாங்க,
மேசைக்குத் தெரியாமலே விசயம் முடிந்தது.

"அப்ப நூலுக்குக் குறுக்கால
நான் கிடங்கு வெட்டப்படாது. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான்.

வரைபடத்தை மாற்றினேன்.
தரையை நம்பாமல், அதற்கும் கீழே
தூணடிக்குத் தூணடி ஒரு கட்டுவளை.
கிடங்கு, மூன்றாம் சட்டத்துக்கும் நான்காவதுக்கும் இடையில்.

வாய்க்கால் வெட்டுகையில் ரெஜினோல்ட் கூப்பிட்டார்.
பழைய அத்திவாரம் ஒன்று குறுக்கே கிடந்தது.
கொங்கிறீற் இருந்தது, கம்பி இல்லை.
கம்பி இருந்த துவாரங்களில் எறும்பு.
யாருடைய வீடு என்று
அங்கே நின்ற எவரும் சொல்லவில்லை.
அலவாங்கு போட்டு உடைக்க அரைநாள் போயிற்று.
உடைக்க முன் அளவெடுத்துக் கொண்டேன்,
எதற்கென்று தெரியாமல்.
பதினெட்டு அங்குலம். நல்ல வேலை.

தரை மூடிய பிறகு கட்டுவளையை
எவரும் காணப்போவதில்லை.
ஆறு சிவப்புக் கோடுகள் பூசி
இதில் துளையிடாதே என்று எழுதினோம்.
காலபோக நெல் வந்ததும்
மூடைகள் எழுத்தின்மேல் ஏறிவிட்டன.

அடுத்த கார்த்திகையில் ஒருநாள் காற்று.
வவுனியாவில் படுத்துக்கிடந்து
மூன்றாம் சட்டத்தையே எண்ணிக்கொண்டிருந்தேன்.
விடியத் தொலைபேசி.
"பக்கத்துக் காணி மாட்டுக்கொட்டில்
வயலுக்குள்ள கிடக்குது.
எங்கட தகரம் ஒண்டு சத்தம் போடுது,
எந்த ஆணியை இறுக்க?"
வேறு?
"வேறொண்டுமில்லை."
பிறகு கொஞ்சம் பொறுத்து,
"வங்கிக்காரன் அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கேக்கிறான்."
என்ன சொன்னீங்கள்?
"அது வேலையில நிக்குது எண்டன்."