இருபத்தேழாம் போத்தல்

கிழமைநாளில் யூரியா விற்கிறேன்.
அச்சுவேலிச் சந்தைக்குப் பின்னால், தகரக் கதவு,
முகட்டைத் தொடும் ஐம்பது கிலோ மூட்டைகள்.
ஞாயிறு விடிய
ஊர்க் கிணறுகளில் தண்ணி அள்ளுகிறேன்,
அதில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க.

இதைச் சொன்னால் குழுவில் சிரிப்பார்கள் என்று
மூன்று கூட்டம் வாய் திறக்கவில்லை.
குழு என்றால் ஆறு பேர்.
நிரோஜிதாவுக்கு ஆஸ்பத்திரி லாப்பில் வேலை.
யூட் ரெக்ஸன் ஓட்டோ வைத்திருக்கிறான்.
சாள்ஸ்நேசன், தபாற்கந்தோர்; கையெழுத்து அழகென்பதால் செயலாளர்.
மற்ற இரண்டு பேரும் வாட்ஸ்அப்பில் பெருவிரல் காட்டுவார்கள்,
ஆளாய் வருவது குறைவு.

போத்தல்கள் போன மாதம்
தொண்டைமானாற்று வீதியோரம் நாங்களே பொறுக்கியவை.
அந்தந்தக் கிணற்றுத் தண்ணியாலேயே
மூன்று தரம் அலசவேண்டும் என்பாள் நிரோஜிதா.
நாலாம் தரம் அள்ளுவதுதான் கணக்கு.
பெயர் எழுதக் கூடாது, இலக்கம் மட்டும்.
வீட்டுக்காரர் வெட்கப்படக் கூடாதாம்.

வெட்கமா?
"முந்தி எண்ணெய் எண்டியள், இப்ப நைத்திரேற்றோ?
குடிச்சுப் பார், தேன் மாதிரிக் கிடக்கு"
என்று செம்பை நீட்டினார் ஒருவர்.
குடித்தேன். ருசிதான்.
அடுத்த வீட்டு நாய் ரெக்ஸனின் களிசானைக் கிழித்தது.
அதற்கடுத்த வீட்டில்
எட்டு மாத வயிற்றோடு ஒருத்தி கேட்டாள்,
கொதிக்கவைத்தால் போகுமோ என்று.
போகாது. இறுகும்.
நான் எழுதாத பேனையை உதறிக்கொண்டு நின்றேன்.
நிரோஜிதாதான் சொன்னாள்,
தண்ணி விற்கும் கடையையும் லீற்றர் விலையையும் சேர்த்து.

இரண்டு வளவுக்கு நடுவே ஒரு முழ நிலம்.
வேலி வழக்குக்கு வயது பத்தொன்பது.
இந்தப் பக்கம் பதினாலாம் போத்தல்,
அந்தப் பக்கம் பதினைந்து.
தாளில் ஏறிய சிவப்பு ஒரே சிவப்பு.
கல்லுக்குக் கீழே ஒருவரும் கதியால் நடவில்லை.

இருபத்தேழு.
தாளை நனைத்து ஒரு நிமிடம்.
வெள்ளை, ரோசா, பிறகு
பீட்ரூட் கறி பட்ட சோறு.
அட்டையில் அதற்கு மேல் நிறம் அச்சடிக்கவில்லை.
கொப்பியைப் புரட்டினோம்:
செல்வேந்திரம். வெங்காயம். பன்னிரண்டு பரப்பு.

முடிவைக் கொடுக்கப் போனது நான்.
வாசித்து, மடித்து, சேட்டுப் பொக்கற்றில் வைத்தார்.
"எவ்வளவு போட்டனான் எண்டு உனக்குத் தெரியாதே?
பில் எழுதினது நீ."
குரலில் கோபம் இல்லை.
பம்பை நிற்பாட்டிவிட்டு வந்து
இரண்டு பிடி வெங்காயம் தந்தார்.
வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை.

அன்று பின்னேரம் கூட்டத்தில் சொல்லிவிட்டேன்.
"தெரியும்," என்றாள் நிரோஜிதா.
"உங்கட சேட் மணக்கிறது."
பிறகு பிரதேச சபைக்கான கடிதத்தில்
'தயவாய்' என்று போடுவதா, 'உடனடியாக' என்று போடுவதா என
ஒரு மணித்தியாலம் இழுபட்டோம்.
சாள்ஸ்நேசன் இரண்டையும் எழுதினார்.

தாள் முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன்.
ஒன்று மிச்சம், என் பேர்சுக்குள்.
எங்கள் வீட்டுக் கிணறு
இன்னும் இலக்கம் இல்லாமல் கிடக்கிறது.

திங்கள். தகரக் கதவு.
லாண்ட்மாஸ்டரை நிற்பாட்டாமலே ஒருவர்,
"தம்பி, நாலு பாக் யூரியா!"
மூட்டையில் கை வைத்துவிட்டேன்.
பதினொரு வருடமாய்க் கேட்காததைக் கேட்டேன்:
"எத்தினை பரப்பு?"
முதலாளி கல்குலேற்றரிலிருந்து தலையைத் தூக்கினார்.
எஞ்சின் சத்தத்துக்கு மேலால் அந்த மனிதர்
நாலு விரலைக் காட்டினார்.
பரப்போ, பாக்கோ, விளங்கவில்லை.
திரும்பக் கேட்டேன்.